செத்தவர்களை ஏவிய நர்சம்மா

பொன்னுவேலுக்கு அற்புதம் நர்சம்மாவின் மேல் ஒரு குறை உண்டு. நேற்று இன்று வந்ததல்ல, பத்து வருஷத்துக் குறை. அவனைக் கொன்றது அவர் இல்லை; அது அவன் தானே போய் விழுந்த சாவு. ஆனால் செத்தவனை எழுப்பி நிறுத்தி, ஒன்றே கால் வருஷம் மூட்டை சுமக்க வைத்து, கடைசியில் "போதும், போய்ப் படு" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையிறங்கிப் போய்விட்டாரே, அதைத்தான் அவனால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

விளையாட்டில்தான். காகிதமும் பென்சிலும் வைத்து ஆடுகிற விளையாட்டு. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதில்லையா?

இதைக் கேட்டு யாராவது சிரித்தால் அவனுக்குக் கோபம் வரும். சிரிக்கிறவனை உட்கார வைத்து முதலிலிருந்து சொல்லுவான். முதலிலிருந்து என்றால் நர்சம்மாவிலிருந்து.

அற்புதம் ஏற்காட்டு மலைக்கு வந்தது அறுபத்து நாலில். கொடித்தோப்பு எஸ்டேட்டில் ஆஸ்பத்திரி என்று பெயர் பண்ணிக்கொண்டு ஓடு போட்ட இரண்டு அறையும் ஒரு வராந்தாவும் இருந்தன. டாக்டர் மாசத்துக்கு இரண்டு தடவை சேலத்திலிருந்து வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் டாக்டரும் நர்சம்மாதான், மருந்து கலக்குகிறவரும் நர்சம்மாதான், பிள்ளை எடுக்கிறவரும் அவர்தான். திருச்சிப் பக்கத்து ஊர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ஏன் என்று கேட்கிற துணிச்சல் யாருக்கும் வரவில்லை. வெள்ளைச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டி, ரப்பர் பூட்ஸ் போட்டு, ஆம்பிளைகள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடையோடு காப்பிச் செடிகளுக்கு நடுவே வருவார். கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயன் வீடுகளில், குடை தெரிந்ததுமே பெண்கள் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொள்வார்கள்.

கை நல்ல கை. குறுக்கே கிடந்த பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து தாய் மடியில் போடுகிற கை. வாய்தான் வேறு மாதிரி. "பூனை கூட தன் குட்டிய இதவிட சுத்தமா நக்கி வெச்சிருக்கும்டி" என்பார், இருபது பேர் வரிசையில் நிற்கும்போது, ஊருக்கே கேட்கிற குரலில். நல்லதற்குத்தான் சொன்னார். ஆனால் நல்லதைக் கல்லில் கட்டி எறிந்தால் கல்தான் முதலில் படும்.

பொன்னுவேல் மலைக்காரன். சொந்தத்தில் ஒன்றரை ஏக்கர் ஆரஞ்சும் கொஞ்சம் சாமையும் உண்டு. படிப்பு ஐந்தாவதோடு சரி. எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினான். வாய் அவனுக்கும் உண்டு, ஆனால் அது வேறு ஜாதி வாய்: ஓயாது. மலை ஏறுகிறவரைக்கும் இருபது வளைவுக்கும் இருபது கதை சொல்லுவான். இறங்கும்போது வேறு இருபது.

அவன் பேசாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது மருதாயி.

எண்பத்தொன்றில், ஐப்பசி மழையில் நடந்தது. மருதாயி களை வெட்டுகிறவள், சித்தனின் பெண்சாதி, இரண்டு பிள்ளைக்காரி, முப்பது வயசிருக்காது. காலையில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தாள். எத்தனை நாளாக என்று நர்சம்மா கேட்டார். நேற்றிலிருந்து என்றாள். ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினார். பதினோரு மணிக்கெல்லாம் உடம்பு வேர்த்துக் கொட்டிக் கண் செருகிவிட்டது. "ஜீப்பை எடு" என்றார் நர்சம்மா. அடிவாரம் போகிற ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. குப்பனூர் வழியாக இறங்கு என்று சொன்னதும் அவர்தான். அந்த நாளில் அதை ரோடு என்று சொன்னால் ரோட்டுக்கே வெட்கம். பாதி வழியில் மரம் ஒன்று குறுக்கே சாய்ந்து கிடந்தது. நர்சம்மாவும் சித்தனும் இறங்கி, ஆள் கூட்டிவர ஓடினார்கள். இறக்கம், கைபிரேக் பிடிக்காத வண்டி, பொன்னுவேல் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது. அரை மணி நேரம் வண்டியில் அவனும் மருதாயியும் மட்டும். அவர்கள் திரும்பி வந்தபோது அவள் போயிருந்தாள்.

"ஏதாச்சும் சொன்னாளா?" என்று நர்சம்மா கேட்டார்.

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. தூங்கிட்டேதான் இருந்துச்சு."

அது பொய். மருதாயி சொன்னாள். காய்ச்சல் நேற்று வந்ததல்ல, எட்டு நாளாக இருக்கிறது என்று சொன்னாள். ஏன் மறைத்தாள் என்றும் சொன்னாள். "நர்சம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்கண்ணா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்றுவிட்டான். சாகிறவளிடம் சரி என்றால் அது சரிதான்.

அதற்குப் பிறகு நர்சம்மா ஊசி போடுகிற விதமே மாறிப்போயிற்று. முதலில் கையில் ஒரு சொட்டு குத்திப் பார்ப்பார். அப்புறம் ஊசி. அப்புறம் ஆளை எதிரே நாற்காலியில் உட்கார வைத்து, அரை மணி நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தன் ஊசிதான் மருதாயியைக் கொன்றது என்று அவர் மனசில் ஆணி அடித்தது போல் இறங்கிவிட்டது. வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தைப் பார்த்தவனுக்கு வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பொன்னுவேல் தினமும் பார்த்தான். உண்மையைச் சொன்னால் ஆணி ஒன்று வெளியே வரும், அதைவிட நீளமானது இன்னொன்று உள்ளே போகும். அதனால் வாயை மூடிக்கொண்டான்.

விளையாட்டு வந்ததும் அந்த அரை மணி நேரத்தால்தான்.

டவுனில் ஒரு போர்டிங் ஸ்கூல் லைப்ரரியில் அட்டெண்டராக இருந்த ராஜேந்திரனை எண்பத்தைந்து கடைசியில் நாய் கடித்துவிட்டது. வயிற்றைச் சுற்றிப் பதினாலு ஊசி. பதினாலு நாளும் நர்சம்மா அவரை எதிரே உட்கார வைத்து முகத்தைப் பார்த்தார். பார்க்கப்படுகிறவன் எங்கே பார்ப்பது? ராஜேந்திரன் ஒரு புத்தகம் கொண்டுவந்து படிக்க ஆரம்பித்தார். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர் விட்டுவிட்டுப் போன அட்டைப்பெட்டியில் அந்த மாதிரி மூன்று ஒல்லிப் புத்தகங்களும் கோணல் கோணலான தாயக்கட்டைகளும் இருந்தனவாம்.

"ஏனுங்க, அதென்ன படம்? மண்டையோடு எந்திரிச்சு நிக்குது?" என்றான் பொன்னுவேல்.

ராஜேந்திரன் விளக்கினார். ஒருத்தர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு ஆளை உண்டாக்கிக்கொள்வார்கள், வீரன், திருடன், மந்திரவாதி என்று. அந்த ஆளுக்கு எவ்வளவு பலம், எவ்வளவு புத்தி எல்லாம் கட்டை உருட்டித் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கதையில் என்ன செய்வது என்பதை அவரவர் சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதைக் கட்டை சொல்லும். வருகிற ஆபத்தை ஜெயித்தால் ஆள் ஒவ்வொரு படியாக ஏறுவான்.

"இதுல யாருக்கு ஜெயம்?"

"யாருக்கும் இல்லீங்க. கதை போயிட்டே இருக்கும்."

"அப்ப நம்ம ஊட்டுச் சண்டை மாதிரின்னு சொல்லுங்க" என்றார் வெங்கடாசலம். அவர் சேலம் பஸ்ஸில் கண்டக்டர்; நின்று நின்று காலில் நரம்பு சுருண்டு, கட்டுப் போட வருகிறவர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆடுவதென்று முடிவாயிற்று. இருபது முகம் உள்ள கட்டை மட்டும் பெட்டியில் இல்லை. துரைமார் கிளப்பில் தம்போலா ஆடுகிற, எண் போட்ட பழைய மரக்காய்களில் ஒன்று முதல் இருபது வரை கேட்டு வாங்கி ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார்கள். கையை விட்டு எடுத்தால் வருவதுதான் எண்.

சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த நர்சம்மா, வராந்தாவில் மூன்று தடியர்கள் குந்தியிருப்பதைப் பார்த்து விரட்ட வந்தார். வந்தவர் நின்றபடியே கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நானும் ஒரு ஆளு எழுதறேன்."

கட்டையை உருட்டினார். பலம் ஏழு. புத்தி பதினாறு. மனுஷரை வசப்படுத்துகிற குணத்துக்கு உருட்டினால் ஐந்து விழுந்தது. "கட்டைக்குக் கண்ணு இருக்குதுங்க" என்றார் வெங்கடாசலம், கூரையைப் பார்த்துக்கொண்டு. நர்சம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மந்திரவாதிகளில் எத்தனை வகை என்று கேட்டார். ராஜேந்திரன் ஒவ்வொன்றாகப் படித்தார். நெருப்பு எறிகிறவன், உருவம் மாறுகிறவன், வேடிக்கை காட்டி மயக்குகிறவன். கடைசியாக, செத்தவர்களை எழுப்பித் தன் சொல்படி நடக்க வைக்கிறவன்.

"அது" என்றார் நர்சம்மா.

"நர்சம்மா, அது நொம்பக் கெட்ட ஜாதிங்க. ஏவல், பில்லி, சூனியம் மாதிரி" என்றார் ராஜேந்திரன்.

"ஏவல்காரின்னே எழுதிக்கோ. பொழைக்க வைக்கறதைத்தான் தினமும் பார்க்கறேன். மத்தப் பக்கமும் என்னான்னு பார்க்கலாம்."

பிறகு ஆரம்பித்தார் பாருங்கள் கேள்வியை. எழுப்பின பிணத்துக்குப் பசிக்குமா? பசித்தால் வயிறு வேலை செய்யுமா? ஆறு மாசம் ஆனதை எழுப்பினால் எலும்பு மட்டும் வருமா, தசையோடு வருமா? மூட்டில் பிடிப்பு இல்லாமல் எலும்பு எப்படி நடக்கும்? ராஜேந்திரன் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"செத்து நாலு மணி நேரத்துல ஒடம்பு வெறைச்சுப் போகும். அப்ப எழுப்பினா முழங்காலே மடங்காது. அதுக்கு என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணும் போடலீங்க."

"எழுதினவன் ஒரு பொணத்தையும் குளிப்பாட்டினதில்ல. எழுதிக்கோ: வெறைப்பு எறங்க ஒன்றரை நாள் ஆகும், அதுக்கப்பறம்தான் ஏவல்காரி தொடுவா."

எழுதிக்கொண்டார். அந்தப் புத்தகத்தின் ஓரத்தில் இன்னும் அது இருக்கும். எத்தனை பிணத்தை ஒரே சமயத்தில் ஏவலாம், தூரத்தில் இருந்து ஏவலாமா, ஏவினவள் தூங்கினால் அவை என்ன செய்யும் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. மற்ற இரண்டு பேரும் தங்கள் ஆளைக் கால் மணியில் முடித்துவிட்டுக் கடலை தின்றுகொண்டிருந்தார்கள். வெங்கடாசலத்தின் ஆள் திருடன். பொன்னுவேலின் ஆள் ஒத்தக்கொம்பன் என்கிற வீரன், பலம் பதினேழு, கையில் ஆளுயரக் கத்தி.

மந்திரப் பட்டியலை முழுக்கப் படிக்கச் சொன்னார் நர்சம்மா. ஐந்தாம் படிக்கு ஏறினால் கிடைக்கிற ஒன்றில் நிறுத்தினார். செத்தவனிடம் மூன்று கேள்வி கேட்கலாம். செத்தவன் பொய் சொல்ல முடியாது. அதைத் தாளின் தலைமாட்டில் நீல மையில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார். பொன்னுவேல் அதைப் பார்த்தான். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கதை தொடங்கி மூன்றாம் வாரம் அவன் செத்தான். மலை உச்சியில் ஒரு குகை, உள்ளே ஏதோ உறுமுகிறது என்றார் ராஜேந்திரன். யார் முன்னால் போவது? ஒத்தக்கொம்பன்தான். சொல்லுங்க, எப்படிப் போகிறான்?

"செருப்பைக் கழட்டி வெளிய உட்டுட்டான். கத்தியை வாசல்ல சாத்தி வெச்சுட்டான். குனிஞ்சு உள்ள போறான்."

ராஜேந்திரன் கட்டையைக் கீழே வைத்தார். "கத்தியை ஏனுங்க வெச்சீங்க?"

"கொகைக்குள்ள கத்தியோடவா போவாங்க? சேர்வராயன் சாமி கொகைக்கு நீங்க அப்படித்தான் போவீங்களா?"

"இது கோயில் இல்லீங்க, ராட்சசக் கரடி இருக்கற கொகை."

"மல உச்சில கொகைன்னு சொன்னீங்க. அங்க சாமி இல்லாம கரடியா இருக்கும்? மொதல்லயே சொல்லியிருக்கோணும்."

சொன்னது சொன்னதுதான் என்று மற்றவர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். வெறுங்கையோடு, வெறுங்காலோடு, குனிந்த தலையோடு போனவனைக் கரடி ஒரே அறையில் முடித்தது. பொன்னுவேல் எழுந்து ஜீப்புக்குப் போய்விட்டான். வேறு ஆள் எழுதுங்கள் என்று ராஜேந்திரன் கூப்பிட்டார். அடுத்த வாரம் எழுதலாம் என்று முறுக்கிக்கொண்டான்.

அடுத்த வாரம் நர்சம்மா காத்திருந்தார். "ஒன்றரை நாள் ஆச்சு. ஒத்தக்கொம்பனை எழுப்பறேன்."

"கட்டை உருட்டுங்க" என்றார் ராஜேந்திரன்.

"கட்டை என் சாமர்த்தியத்தைச் சொல்லும். அவனுக்குச் சம்மதமான்னு யார் சொல்றது? செத்தவனைக் கேக்காம ஏவறது எனக்குப் பிடிக்கல." பொன்னுவேல் பக்கம் திரும்பினார். "ஒங்க ஊர்ல எதுக்குக் கெளம்பினாலும் சாமிகிட்ட பூக்கேப்பீங்கல்ல, அப்படிக் கேக்கலாம். அவன் ஒன் ஆளு, ஒன் ஊர் வழக்கம்."

வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, இரண்டையும் காகிதத்தில் ஒரே மாதிரி மடித்துக் குலுக்கிப் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். எடுக்கச் சொன்னது பொன்னுவேலையே. அவனும், பழக்கதோஷம், கையைக் கழுவிவிட்டு வந்து, கண்ணை மூடிச் சேர்வராயனை நினைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தான்.

வெள்ளை.

இதில்தான் மாட்டிக்கொண்டான். வெறும் கட்டை சொல்லியிருந்தால் போடா என்று போயிருப்பான். பூ சொன்னதை மீற அவனுக்கு மனசு வரவில்லை. அவன் கையே எடுத்த பூ. எழுப்பப்பட்டவன் ஏவினவள் சொன்னதைச் செய்ய வேண்டும், பேசக் கூடாது, அதுதான் புத்தகத்தில் உள்ள சட்டம். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை பொன்னுவேல் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தான். "கொம்பன் மூட்டையைத் தூக்கறான்" என்பார் நர்சம்மா, தலையாட்டுவான். "கொம்பன் ஆத்துல எறங்கி ஆழம் பார்க்கறான்" என்பார், தலையாட்டுவான். வெங்கடாசலத்துக்கு ஒரே கொண்டாட்டம்.

"பொன்னுவேலண்ணா, டீ வேணுமுங்களா? பேச மாட்டீங்களா? அப்ப ஒங்க டீயையும் நானே குடிச்சுக்கறேன்."

முதல் மாசம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் ஒரு விசித்திரம் நடந்தது. பேசிக்கொண்டே இருக்கிறவன் மற்றவர்களைப் பார்ப்பதில்லை. பேச்சை நிறுத்தியதும் பார்க்க ஆரம்பித்தான். நர்சம்மாவுக்கு இடது கையில் சுண்டுவிரல் மடங்காது என்பது இருபது வருஷம் கழித்து அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அவர் அப்பா சர்ச்சில் மணி அடிக்கிறவர் என்பதும், நர்ஸ் வேலைக்குப் போகக் கூடாது என்று அண்ணன் பெட்டியைக் கிணற்றில் போட்டார் என்பதும், அண்ணன் தூங்குகிற நேரம் பார்த்துப் கொக்கிகள் தொங்கும் பாதாளக்கொலுசைக் கிணற்றில் போட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈரச் சேலையோடு ரயில் ஏறினார் என்பதும் ராஜேந்திரனிடம் அவர் சொன்னபோது காதில் விழுந்தது. செத்தவன் முன்னால் யாரும் எதையும் மறைப்பதில்லை.

இன்னொன்றும் பார்த்தான். எப்போது படி ஏறினாலும் மின்னல் மந்திரம் எடுங்கள், கோட்டை இடிக்கிற மந்திரம் எடுங்கள் என்று மற்றவர்கள் கெஞ்சுவார்கள். நர்சம்மா எடுக்கமாட்டார். மூன்றாம் படியில் ஏழு எலும்புக்கூடுகளை நிற்க வைத்துக்கொண்டார். நாலாம் படியில், எழுப்பினது அழுகாமல் இருக்கிற மந்திரம். சண்டை வந்தால் ஒத்தக்கொம்பனைப் பின்னால் நிறுத்தினார். "அவனுக்கு அடி படக் கூடாது." அப்படிக் காப்பாற்றி எதற்கு வைத்திருக்கிறார்? தாளின் தலைமாட்டில் நீல மையில் இருந்ததை அவன் ஒருநாள் மறுபடி படித்தான். மூன்று கேள்வி. பொய் சொல்ல முடியாது.

அன்று ஜீப்பை எடுக்கும்போது முதல் கியரில் இரண்டு தடவை வண்டி நின்றுபோயிற்று.

வராமல் இருந்துவிடலாம் என்று பார்த்தான். ஒரு ஞாயிறு தோட்டத்தில் வேலை என்றான். மறு ஞாயிறு தலைவலி என்றான். தலைவலி என்றதும் நர்சம்மாவே குடையை எடுத்துக்கொண்டு மூன்று மைல் நடந்து அவன் வீட்டுக்கு வந்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, "ஒண்ணுமில்ல, வா" என்று கூட்டிப் போனார்.

எண்பத்தேழு மார்ச்சில் நர்சம்மாவுக்கு ரிட்டயர்மெண்ட். காப்பி பூத்து மலை முழுக்க வெள்ளையாகக் கிடந்த வாரம். கடைசி ஞாயிற்றுக்கிழமை ஏவல்காரி ஐந்தாம் படிக்கு ஏறினாள்.

ராஜேந்திரனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கதையில் ஒரு ராஜமுத்திரை ஒளிந்து கிடந்தது. அது இருக்கிற இடம் கரடிக் குகைக்குள் செத்துப்போன ஒத்தக்கொம்பனுக்குத்தான் தெரியும் என்று ஒரு வருஷமாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். "கேளுங்க நர்சம்மா. மூணு கேள்வி. நல்லா யோசிச்சுக் கேளுங்க."

"மொதக் கேள்வி முத்திரை எங்கேன்னு" என்றார் வெங்கடாசலம்.

நர்சம்மா பைக்குள் கையை விட்டு மரக்காயை எடுத்தார். பதினெட்டு. மந்திரம் பலித்தது. நாற்காலியைப் பொன்னுவேலுக்கு எதிரே திருப்பிப் போட்டு, ஊசி போட்டவன் முகத்தைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"மருதாயிக்கு எத்தனை நாளாக் காய்ச்சல் இருந்துச்சு?"

ராஜேந்திரன், "நர்சம்மா, இது கதையில இல்லீங்களே" என்றார்.

"செத்தவன் பொய் சொல்ல முடியாதுன்னு ஒன் புஸ்தகத்துல இருக்கா இல்லையா?"

"இருக்குதுங்க."

"அப்ப சும்மா இரு."

 பொன்னுவேலுக்கு, மருதாயியிடம் சொன்ன சரி ஒரு பக்கம். தன் கையால் எடுத்த வெள்ளைப் பூ ஒரு பக்கம். இரண்டுமே சத்தியம். நர்சம்மா அவசரப்படுத்தவில்லை.

"அன்னிக்கு வண்டியில நடந்ததைப் பத்தியும் நீ பேசியிருந்தா எனக்குச் சந்தேகமே வந்திருக்காது" என்றார். "ஊர்ப்பட்ட கதை பேசறவன். மண்ணு சரிஞ்சது, மரம் விழுந்தது, எல்லாத்தையும் ஊருக்கெல்லாம் சொன்னே. அந்த அரை மணி நேரத்தைப் பத்தி மட்டும் ஆறு வருஷமா ஒரு வார்த்தை கெடையாது. உசிரோட இருக்கறவன் கிட்ட கேட்டேன், சொல்லல. அதான் செத்தவன் கிட்ட கேக்கறேன்."

செத்தவளுக்குக் கொடுத்த வாக்கைச் செத்தவன்தான் உடைக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றியதோ என்னவோ, தெரியாது. ஒரு வருஷமாகப் பேசாத அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னான்.

"எட்டு நாளுங்க."

நர்சம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. எட்டு நாள் காய்ச்சல் உள்ளுக்குள் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா? ஊசிக்கு முன்னாலேயே முடிந்துபோன கதை. ஆறு வருஷம் ஒவ்வொருத்தன் முகத்தையும் அரை மணி நேரம் பார்த்தது எல்லாம் அந்த ஒரு நொடியில் கணக்கில் இல்லாமல் போயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். பொன்னுவேல் அப்படித்தான் வேண்டிக்கொண்டான்.

"ரெண்டாவது. எங்கிட்ட ஏன் நேத்திலிருந்துன்னு சொன்னா?"

"நர்சம்மா, முத்திரையைக் கேளுங்க" என்றான் பொன்னுவேல்.

"கேட்டதுக்குப் பதில்."

"திட்டுவீங்கன்னுதானுங்க. எட்டு நாளு என்னடி பண்ணினேன்னு எல்லார்த்துக்கும் முன்னால திட்டுவாங்கண்ணா, அதான் நேத்துன்னு சொல்லிட்டேன்னு சொல்லுச்சு. சொல்லிராதீங்க, தெரிஞ்சா இப்பவும் திட்டுவாங்கன்னு என்ற கையப் புடிச்சுக்கிச்சு."

 நர்சம்மா கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"அதுக்கு முந்தி அவளை நான் என்ன சொல்லித் திட்டினேன்?"

"அது எதுக்குங்க இப்ப?"

"எனக்கு ஞாபகம் இல்ல, பொன்னுவேலு. அதனாலதான் கேக்கறேன்."

அவனுக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அவனும் வரிசையில் நின்றான். மருதாயியின் சின்னப் பிள்ளைக்குப் பேதியாகி நாலாம் நாள் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். "மாடு கூட நோவு வந்தா கத்தும்டி, நீ மாட்டைவிடக் கேடுன்னு சொன்னீங்க" என்றான். "எல்லாரும் சிரிச்சாங்க. நானுஞ் சிரிச்சனுங்க."

நர்சம்மா எழுந்து உள்ளே போனார். ஸ்டவ் பற்ற வைக்கிற சத்தம் கேட்டது. நாலு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார்.  ராஜேந்திரன் மரக்காய்களைப் பைக்குள் போட்டுச் சுருக்குக் கயிற்றை இழுத்தார்.

வியாழக்கிழமை காலை பஸ். வெங்கடாசலமே அன்றைக்கு டியூட்டி கேட்டு வாங்கியிருந்தார். தகரப்பெட்டியைப் பொன்னுவேல் பஸ் மேலே ஏற்றிக் கட்டினான். சித்தன் தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தான். முதல் நாள் சாயங்காலம் நர்சம்மா அவன் லயன் வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் இருந்துவிட்டு வந்தார் என்று பேச்சு. என்ன பேசினார்கள் என்று சித்தனும் சொல்லவில்லை. பிள்ளைகள் மட்டும் ஜன்னலோரம் வந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றன.

வெங்கடாசலம் விசில் ஊதப் போகும்போது நர்சம்மா ஜன்னலில் குனிந்து கூப்பிட்டார்.

"பொன்னுவேலு, நாளைக்குப் புது நர்ஸ் வருது. லூர்துசெல்வின்னு பேரு. இருபத்தி மூணு வயசு. ஒம்பது மணிக்கு அடிவாரத்துல எறங்கி நிக்கும். நீதான் போய்க் கூட்டிட்டு வரணும்."

"போறனுங்க."

"வர்ற வழியில மருதாயி கதையைச் சொல்லு."

"எதுவரைக்குமுங்க?"

"எல்லாத்தையும். நேத்துன்னு அவ சொன்னதை நான் நம்பினது, ஊசி போட்டது, குப்பனூர் வழியாப் போகச் சொன்னது. அந்த மாட்டு வார்த்தையையும் சொல்லு. யாரோ ஒரு நர்ஸுன்னு சொல்லாதே, என் பேரைச் சொல்லு."

"புதுசா வர்ற புள்ள, பயந்துக்குமுங்களே."

"பயப்படட்டும். மொத வளைவுலயே ஆரம்பி. எஸ்டேட் கேட்டுக்கு வர்றதுக்குள்ள முடியலேன்னா, வண்டியை வெளியவே நிறுத்தி மீதியைச் சொல்லி முடிச்சுட்டு, அப்பறம் உள்ள கொண்டுபோய் எறக்கு."